கண்ணாடித் தட்டில் தெரிந்த வட்டம்

“அம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுதும்மா!”

ஏழு வயது மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றபோது நான் அடுப்படியில் இருந்தேன். சித்திரை மாத வெயில். “சூடுதான், நீர்க்கடுப்பு. வெந்தயத்தை மோரிலே ஊறப்போட்டுக் குடு, சரியாப் போயிடும்” என்றார் மாமியார். கொடுத்தேன். மறுநாள் ஜுரமும் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் சின்னவனுக்குக் காதுவலி வந்து டாக்டர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்திருந்தார். வலி மூன்றாம் நாளே நின்றுவிட்டதால், ‘குழந்தைக்கு எதற்கு அநாவசியமாக மருந்து?’ என்று நிறுத்திவிட்டேன். மிச்சம் பாதி பாட்டில் ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது. அதையே எடுத்து மகளுக்கு இரண்டு நாள் கொடுத்தேன். ஜுரம் கொஞ்சம் தணிந்தது. “பார்த்தீங்களா அத்தை, டாக்டர் பீஸ் மிச்சம்!” என்று பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை குழந்தைக்கு நடுக்கத்தோடு 103 டிகிரி ஜுரம். அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

“கையிலிருந்த மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபிக்கவில்லை. “யூரின் கல்ச்சர் எடுக்கணும். நீங்க மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்திருந்தா இன்னும் தெளிவாத் தெரிஞ்சிருக்கும். பரவாயில்லை, இப்பவாவது எடுப்போம்” என்று மட்டும் சொன்னார். தாற்காலிகமாக ஒரு மருந்தையும் ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ‘ஈ.கோலை’ என்ற கிருமி வளர்ந்திருக்கிறது என்று மேலே எழுதியிருந்தது. கீழே பத்துப் பன்னிரண்டு மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ என்று ஓர் எழுத்து. ‘ஆர்’தான் அதிகம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கொடுத்துக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தி, ஊசியாக மட்டுமே போடக்கூடிய வேறொன்றுக்கு மாற்றினார். தினமும் அந்த ஊசிக்காகக் குழந்தை என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. நல்லவேளை, குணமாகிவிட்டது.

ஆனால் அந்த ‘எஸ்’ஸும் ‘ஆரு’ம் என்னைத் தூங்க விடவில்லை. அதை யார் தீர்மானிக்கிறார்கள்? எப்படித் தெரிகிறது? எங்கள் மாடி வீட்டு அக்கா ஓர் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷமாக வேலை செய்கிறார். அவரைப் பிடித்துக்கொண்டேன். “சொன்னாப் புரியாது, ஒரு நாள் வந்து பாரு” என்று பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி என்னை அழைத்துப் போனார்.

சமையலறையிலிருந்து போன ஜெல்லி

ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை மூடியோடு வெளிச்சத்தில் காட்டினார் அக்கா. அடியில் மங்கலான மஞ்சள் நிறத்தில் ஜெல்லி. “இது என்ன தெரியுதா? நீ புட்டிங் பண்றியே, சைனா கிராஸ், அதுதான். கிருமிக்கு வேண்டிய சத்தைக் கலந்து ஊத்தியிருக்கோம்” என்றார்.

இதைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்தவரே நம்மைப் போன்ற ஒரு குடும்பத் தலைவிதானாம்! 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மேதையிடம் வேலை செய்த டாக்டர் ஹெஸ்ஸே, ஜெலட்டின் மேல் கிருமிகளை வளர்க்கப் பார்த்தார். வெயில் நாளில் அது உருகி ஓடிவிடும். “உன் ஜெல்லி மட்டும் எப்படி இந்த வெயிலில் உருகாமல் இருக்கிறது?” என்று மனைவியைக் கேட்டார். ஃபானி ஹெஸ்ஸே என்ற அந்த அம்மாள் தாம் போடும் கடல்பாசியைப் பற்றிச் சொன்னார். அன்று முதல் உலகம் முழுதும் கிருமிகள் வளர்வது கடல்பாசியில்தான்.

நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, வாசல் மெழுகுவதுபோல மூன்று திசையிலும் இடைவெளியில்லாமல் ஜெல்லியின் மேல் தடவுகிறார்கள். அதன் மேல் வட்டமான காகிதத் துண்டுகளை வைக்கிறார்கள். நம் ஸ்டிக்கர் பொட்டு அளவுதான், 6 மில்லிமீட்டர். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து தோய்ந்திருக்கும். பிறகு, இட்லி மாவைப் புளிக்க வைப்பதுபோல, தட்டை 35 டிகிரி வெப்பமுள்ள பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்கள். 16 முதல் 18 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி ஆடைபோலப் படர்ந்திருக்கும். ஆனால், எந்த மருந்து வேலை செய்கிறதோ அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லாத தெளிவான வட்டம்!

“இதோ பாரு, பெரிய வட்டம். இந்த மருந்துக்குக் கிருமி அடங்குது. அது எஸ். இங்கே பாரு, பொட்டை ஒட்டியே வளர்ந்திருக்கு. மருந்தைச் சட்டையே பண்ணலை. அது ஆர்.”

“அப்போ பெரிய வட்டம் எதுவோ அதுதான் சிறந்த மருந்தா அக்கா?”

“அங்கேதான் எல்லாரும் ஏமாறுவாங்க. ஒவ்வொரு மருந்தும் ஜெல்லியிலே பரவுற வேகம் வேற வேற. எத்தனை மில்லிமீட்டர் இருந்தா எஸ், எத்தனை இருந்தா ஆர்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கு. ஸ்கேல் வெச்சு அளந்துதான் எழுதுவோம்.”

புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்தாலும் முதல் பரீட்சை இப்படிப்பட்ட தட்டிலும் குழாயிலும்தானாம். மருந்தைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்க வைத்துக்கொண்டே போய், எவ்வளவு குறைந்த அளவிலும் கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். அதில் தேறினால் எலிகள். எலிகளிடம் தேறினால்தான் மனிதர்கள்.

“இந்த மருந்துங்க எல்லாத்துக்கும் பெரியண்ணன் பெனிசிலின். அது பட்ட பாட்டைப் படிச்சா நீ ஒரு சொட்டு மருந்தைக்கூட வீணாக்க மாட்டே” என்று ஒரு புத்தகம் கொடுத்தார் அக்கா. படித்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

எட்டுச் சுண்டெலிகள்

1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் கிருமித் தட்டில் தற்செயலாகப் பூஞ்சணம் பூத்ததும், அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்ததும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தப் பூஞ்சணச் சாற்றை 800 மடங்கு நீர்க்க வைத்தாலும் சீழ்க் கிருமிகளைத் தடுத்தது. ஆனால் எல்லாக் கிருமிகளையும் அல்ல. ஜெல்லியில் வாய்க்கால்போல வெட்டிச் சாற்றை ஊற்றி, பலவகைக் கிருமிகளை அதன் கரை வரையில் கோடு இழுத்துப் பார்த்தார் அவர். சில வகைகள் தூரத்திலேயே நின்றுவிட்டன. சில கரை வரை வந்து வளர்ந்தன. என் மகளைப் படுத்திய ஈ.கோலை அந்த இரண்டாவது வகை! ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது என்பது அந்த முதல் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது.

சாற்றிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க ஃபிளெமிங்கால் முடியவில்லை. பத்து வருஷத்துக்குமேல் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டில் மூன்று பேர் அதைக் கையில் எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹோவர்ட் ஃபிளோரி, ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த எர்ன்ஸ்ட் செய்ன், கைவேலையில் கெட்டிக்காரரான நார்மன் ஹீட்லி.

1940, மே 25, சனிக்கிழமை. யுத்தம் உச்சத்தில் இருந்தது. காலை 11 மணிக்கு எட்டுச் சுண்டெலிகளுக்கு, உயிரைக் குடிக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஊசியில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, நான்குக்கு மட்டும் பெனிசிலின். மற்ற நான்குக்கு எதுவும் இல்லை.

ஹீட்லி வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரவு ஏற ஏற, மருந்து பெறாத எலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. விடியற்காலை மூன்றரை மணிக்குள் நான்குமே இறந்துவிட்டன. பெனிசிலின் பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன! அந்த இரவை நினைத்துப் பார்க்கிறேன். ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் நாம் விழித்திருப்பதில்லையா? அப்படித்தான் அவரும் இருந்திருப்பார்.

பெட்பானில் விளைந்த அமுதம்

எலி பிழைத்துவிட்டது. மனிதன் எடையில் எலியைப்போல் சுமார் 3000 மடங்கு. அத்தனை மருந்துக்கு எங்கே போவது? ஒரே ஒரு நோயாளிக்குப் போதுமான மருந்துக்குச் சுமார் 2000 லிட்டர் பூஞ்சணச் சாறு வேண்டும் என்பது கணக்கு. யுத்த காலத்தில் பெரிய இயந்திரங்கள் கிடைக்காது. ஆகவே பால் கேன், பிஸ்கட் டின் என்று கிடைத்ததிலெல்லாம் பூஞ்சணம் வளர்த்தார்கள். எல்லாவற்றிலும் சிறப்பாக விளைந்தது ஆஸ்பத்திரி பெட்பானில்தான்! அதே மாதிரியில் மண்பாண்டக்காரர்களிடம் சொல்லி நூற்றுக்கணக்கில் பீங்கான் பாத்திரங்கள் செய்து வாங்கினார் ஹீட்லி. அவற்றில் பூஞ்சணத்தை விதைத்துக் கண்காணித்து அறுவடை செய்ய ஆறு இளம் பெண்களை அமர்த்தினார்கள். அவர்களுக்கு ‘பெனிசிலின் பெண்கள்’ என்றே பெயர். எதிரிப் படை ஊருக்குள் வந்து ஆய்வுக்கூடம் அழிந்தாலும் பூஞ்சணம் பிழைக்கட்டும் என்று தங்கள் கோட்டின் உள்துணியில் அதன் விதைத்தூளைத் தேய்த்து வைத்திருந்தார்கள் ஃபிளோரியின் குழுவினர்.

ஒவ்வொரு தடவை எடுத்த மருந்தின் வீரியத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கிருமி தடவிய ஜெல்லித் தட்டில் சின்னக் குழாய்களை நிறுத்தி, அதற்குள் மருந்தை விட்டு, சுற்றிலும் விழும் வெற்று வட்டத்தை அளந்தார் ஹீட்லி. என் மகளுடைய ரிப்போர்ட்டைத் தீர்மானித்ததும் அதே வட்டம்தானே!

1941, பிப்ரவரி 12. ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் ஆஸ்பத்திரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயது போலீஸ்காரர். முகமெல்லாம் சீழ் பிடித்து ஒரு கண்ணையே எடுத்துவிட்டிருந்தார்கள். பெனிசிலின் கொடுத்த ஒரே நாளில் தெம்பு வந்தது. ஜுரம் இறங்கி, சாப்பிடவும் ஆரம்பித்தார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது! அவருடைய சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அதில் வெளியேறியிருந்த பெனிசிலினை மீண்டும் பிரித்தெடுத்து ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் 15-ல் அவர் இறந்துபோனார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மருந்து போதாமல் ஒருவர் இறந்தார். நானோ பாதி பாட்டிலை நிறுத்திவிட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம், 1942 மார்ச்சில், அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஆன் மில்லர் என்ற பெண்மணி, கருச்சிதைவுக்குப் பிறகு வந்த விஷ ஜுரத்தில் ஒரு மாதம் கிடந்து சாகும் தறுவாயில் இருந்தார். பெனிசிலின் கொடுத்த மறுநாளே ஜுரம் விட்டது. 1999-ல் தமது 90-வது வயதில்தான் அவர் காலமானார். பிரசவத்தோடும் கருச்சிதைவோடும் எத்தனையோ பெண்களைக் கொண்டுபோன அந்தக் கிருமிக்கு ஒரு வலுவான கடிவாளம் விழுந்தது.

கிருமியின் கையிலும் கத்திரிக்கோல்

ஆனால் கிருமியும் சும்மா இருக்கவில்லை. 1940 டிசம்பரிலேயே, ஆல்பர்ட் அலெக்சாண்டருக்குப் பெனிசிலின் கொடுப்பதற்கு முன்பே, ஆக்ஸ்ஃபோர்டில் செய்னும் எட்வர்ட் ஆப்ரஹாமும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: சில கிருமிகள் பெனிசிலினையே சிதைக்கும் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அவர்கள் அதைக் கண்டது எந்தக் கிருமியில்? அதே ஈ.கோலையில்!

1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஃபிளெமிங் தம் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டைவலி. தாமாகவே பெனிசிலின் வாங்கி, கிருமியைக் கொல்லப் போதாத அளவு சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. அவளுக்குக் கொடுத்த பெனிசிலின் பலிக்கவில்லை. அவள் இறந்துவிடுகிறாள். யார் பொறுப்பு? அஜாக்கிரதையாக மருந்தைக் கையாண்ட கணவன்தான் என்றார் ஃபிளெமிங்.

எனக்குச் சுரீரென்றது. “அக்கா, நான் கொடுத்த அந்த ரெண்டு நாள் சிரப்புதான் என் பொண்ணுக்கு இப்படி ‘ஆர்’ வரக் காரணமா?” என்று கேட்டே விட்டேன்.

“அப்படி உன் ஒருத்தி மேலே பழி போட முடியாதும்மா. இப்படிப்பட்ட கிருமிங்க ஊரிலே ஏற்கெனவே நடமாடுது. உன் பொண்ணு வயித்துக்குள்ளேயே முன்னாடியே இருந்திருக்கலாம். ஆனா தப்பான மருந்து கொடுத்தா மத்த கிருமியெல்லாம் செத்து, அடங்காத கிருமிக்கு இடம் விசாலமாகும். ஊர் முழுக்க ஆயிரம் வீட்டிலே இப்படி நடந்தா என்ன ஆகும்னு நெனைச்சுப் பாரு” என்றார் அக்கா.

சென்னையில் பிறந்த மருந்து

அன்று இன்னொரு தட்டையும் காட்டினார். ஒரே மருந்து, இரண்டு பொட்டு. ஒன்றில் மருந்து தனியாக. மற்றதில் அந்த நொதியை மடக்கும் துணை மருந்தும் சேர்த்து. தனியாக இருந்ததைச் சுற்றி வட்டமே இல்லை. துணையோடு இருந்ததைச் சுற்றி நல்ல பெரிய வட்டம்! கிருமி நொதி என்ற கத்திரிக்கோலால் மருந்தை வெட்டுகிறது. துணை மருந்து அந்தக் கத்திரிக்கோலின் வாயை அடைத்துவிடுகிறது. மருந்து தன் வேலையைச் செய்கிறது.

இந்த வழியில் ஒரு புதிய துணை மருந்து நம் சென்னையிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டபோது பெருமையாக இருந்தது. ‘என்மெட்டாசோபாக்டம்’ என்று வாயில் நுழையாத பெயர். ஆர்கிட் ஃபார்மா நிறுவனத்தார் கண்டுபிடித்தது. அலெக்ரா என்னும் ஐரோப்பியக் கம்பெனி அதைச் செஃபிபைம் என்ற பழைய மருந்தோடு ஜோடி சேர்த்துச் சோதித்தது. சிக்கலான சிறுநீர்த் தொற்று உள்ள 1000-க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு இந்த ஜோடியையோ, ஏற்கெனவே வழக்கத்திலுள்ள ஒரு மருந்தையோ கொடுத்து ஒப்பிட்டார்கள். நோயும் தீர்ந்து, கிருமியும் ஒழிந்தவர்கள் புதிய ஜோடியில் 100-க்குச் சுமார் 79 பேர். பழைய மருந்தில் சுமார் 59 பேர். 2022-ல் இந்த முடிவு வெளியாயிற்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய மருந்து இது. நாம் கடையில் கேட்டு வாங்குவதற்கல்ல.

தட்டிலிருந்து நோயாளியின் படுக்கை வரையில் ஒரு மருந்து வந்து சேரப் பல வருஷங்கள் ஆகின்றன. அதை வீணாக்க நமக்கு ஒரு வாரம் போதும்!

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

அக்கா சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன், சகோதரிகளே.

* குழந்தைக்குக் காரணம் தெரியாத ஜுரம், சிறுநீர் எரிச்சல், அடிவயிற்று வலி இருந்தால் கைவைத்தியத்திலேயே நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கைக்குழந்தையானால் உடனே.

* கல்ச்சர் எடுக்கச் சொன்னால், முடிந்தவரை ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுங்கள். தண்ணீரால் சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதை லாப் கொடுத்த சுத்தமான டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கம் விரல் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். கிருமி வளர நேரம் வேண்டாமா?

* சாதாரண ஜலதோஷமும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. “ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதுங்க டாக்டர்” என்று நச்சரிக்காதீர்கள்.

* டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். ஏழு என்றால் ஏழு. நடுவில் வாந்தி, பேதி, தடிப்பு வந்தால் அவரையே கேளுங்கள்.

* ஒரு குழந்தையின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. தண்ணீரில் கலக்கிய சிரப் அநேகமாக 7 முதல் 14 நாளுக்கு மேல் வைத்திருக்கத் தகுதியற்றது. லேபிளைப் படியுங்கள்.

* மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து. கடைக்காரர் கொடுத்தாலும் நீங்கள் வாங்காதீர்கள்.

* நோயே வராமல் இருந்தால் மருந்தே வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தடுப்பூசிகளை நாள் தவறாமல் போடுவது, பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குவது ஆகியவை முக்கியம். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். என் பெண் அப்படித்தான் இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியவே இல்லை! மற்றத் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு ஆசிரியையிடம் பேசியிருக்கிறோம்.

அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். மறுபடி தேவைப்பட்டால் டாக்டருக்கு உதவும். ஃபிரிட்ஜ் கதவில் மிச்ச மருந்து பாட்டில் இருந்த இடத்தில் இப்போது எலுமிச்சம்பழ ரசம் இருக்கிறது. சென்ற வாரம் சின்னவனுக்குச் சளி பிடித்தபோது மாமியாரே சொன்னார்: “ஏம்மா, கண்ட மருந்தையும் குடுத்துடாதே. அந்த வட்டம் சின்னதாயிடும்!”